ஆப்பிரிக்கத் தொல்நாகரிகங்களைப் பயின்ற ஆண்டு: வரலாற்று வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவிற்கு வருகை தந்துள்ள வட்டத்தின் அன்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, இவ்வாண்டின் மாதக் கூட்டங்கள் அனைத்தையும் ஆப்பிரிக்காவின் தொல்நாகரிகங்களுக்கே ஒதுக்கினோம். ஆப்பிரிக்கா என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது எகிப்து ஒன்றுதான். அதையும் கண்டத்திலிருந்து பிரித்தெடுத்து மத்தியதரைக்கடல் வரலாற்றோடு சேர்த்தே படித்திருக்கிறோம். எனவே எகிப்தைத் தனித் தலைப்பாக எடுத்துக்கொள்ளாமல், அதற்குத் தெற்கே இன்றைய சூடானில் தழைத்த குஷ் நாட்டையும் எத்தியோப்பிய மேட்டுநிலத்து அக்சும் அரசையும் விரிவாகப் பயில்வதென்றும், மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஆண்டின் இறுதியில் ஓர் அமர்வை ஒதுக்குவதென்றும் செயற்குழு முடிவு செய்தது.

குஷ் நாட்டின் வரலாற்றைக் கெர்மாவிலிருந்து தொடங்கினோம். நைல் ஆற்றின் மூன்றாம் பாறையருவிக்கு அருகில், கி.மு. 2500 முதல் 1500 வரை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் செழித்த நகரம் அது. ஏறத்தாழ 18 மீட்டர் உயரத்திற்கு இன்றும் நிற்கும் அதன் செங்கல் கோயிலைச் சுடாத மண் கல்லைக் கொண்டே எழுப்பியிருக்கிறார்கள். 1913 முதல் 1916 வரை அங்கே அகழ்ந்த அமெரிக்கரான ஜார்ஜ் ரைஸ்னர், 90 மீட்டர் அளவு விட்டமுள்ள வட்டக் கல்லறை மேடு ஒன்றில் எகிப்திய அதிகாரி ஒருவரின் சிலையைக் கண்டார். அதைக் கொண்டு, கெர்மா எகிப்தியரின் புறக்காவல் நகரமே என்றும், மேட்டினுள் துயில்பவர் எகிப்திய ஆளுநரே என்றும் முடிவு கட்டினார். இத்தனை பெரிய நினைவிடத்தை அந்த மண்ணின் மக்களே தம் அரசனுக்கு எழுப்பியிருக்கக்கூடும் என்று அவர் எண்ணவில்லை.

1970களிலிருந்து சுவிட்சர்லாந்தின் சார்ல் போனே நடத்திய அகழாய்வுகள் அம்முடிவை மாற்றின. அரண்மனையும் அரணும் வழிபாட்டிடங்களும் கொண்ட, முற்றிலும் உள்ளூர் மரபில் வளர்ந்த தலைநகரம் வெளிப்பட்டது. எகிப்தியச் சிலைகள் அங்கு வந்து சேர்ந்த வழிக்கும் பின்னர் சான்று கிடைத்தது. எகிப்தின் எல்-காப் என்னும் ஊரிலுள்ள சோபெக்நாக்த் என்ற ஆளுநரின் கல்லறையில், குஷ் படை எகிப்திற்குள் புகுந்து தாக்கியதைக் கூறும் கல்வெட்டு கண்டறியப்பட்டதாக 2003-ல் அறிவிப்பு வந்தது. அடங்கிக் கிடந்த நாடாகக் கருதப்பட்ட குஷ், எகிப்தின் மீது படையெடுக்கும் வலிமை பெற்றிருந்தது. ஒரே பொருள், பார்ப்பவரின் முன்முடிவுக்கேற்ப ஆட்சிக்குச் சான்றாகவும் கொள்ளைப்பொருளாகவும் மாறிவிடுகிறது என்பதை இவ்வமர்வில் உறுப்பினர்கள் நீண்ட நேரம் விவாதித்தனர். வட்டம் இவ்வாண்டு பெற்ற பயன்களில் இதையே தலையாயதாகக் கருதுகிறேன்.

கெர்மாவின் மட்கலங்களைப் பற்றியும் இங்கே பதிவு செய்ய வேண்டும். சக்கரத்தில் வைத்து வனையாமல் கையாலேயே செய்யப்பட்ட அக்கலங்களின் விளிம்பு கறுத்தும் அடிப்பகுதி சிவந்தும் இருக்க, இரண்டுக்கும் இடையே வெள்ளி நிறத்தில் ஒழுங்கற்ற பட்டை ஒன்று ஓடும். சுவரின் மெல்லிய கனம் வியப்பூட்டுவது. நம் நாட்டுக் கருப்பு-சிவப்புப் பானைகளோடு இவற்றுக்கு உறவுண்டா என்று மாணவ உறுப்பினர் ஒருவர் கேட்டார். காற்றை மறைத்தும் விட்டும் சுடும் முறையால் இந்நிறங்கள் எங்கும் தோன்றக்கூடும் என்றும், தோற்ற ஒற்றுமையை மட்டும் வைத்து உறவு கொண்டாடலாகாது என்றும் அமர்வை நடத்திய ஓய்வுபெற்ற ஆசிரியர் விளக்கினார். அவ்விளக்கத்தை வட்டத்தின் நிலைப்பாடாகவே கொள்ளலாம் என்பது என் கருத்து.

கி.மு. 1500 அளவில் எகிப்து குஷ் நாட்டைக் கைப்பற்றிப் பல நூற்றாண்டுகள் ஆண்டது. பின்னர் நைல் ஆற்றின் நான்காம் பாறையருவிக்கு அருகிலுள்ள நப்பட்டாவில் எழுந்த குஷ் அரசர்கள் கி.மு. எட்டாம் நூற்றாண்டில் எகிப்தையே வென்று, அதன் 25ஆம் அரச மரபாக ஆட்சி செய்தனர். இம்மரபின் பியே மன்னர் ஜெபல் பர்க்கல் மலையடிவாரக் கோயிலில் நிறுவிய வெற்றிக் கல்வெட்டின் சாரத்தை ஓர் அமர்வில் வாசித்தோம். முற்றுகைக்குப் பின் பணிந்த எகிப்திய நகரான ஹெர்மோபோலிஸுக்குள் நுழைந்த மன்னர், அரண்மனையையும் கருவூலத்தையும் பார்த்த பின் குதிரை லாயத்திற்குச் செல்கிறார். அங்கே குதிரைகள் பட்டினியால் வாடி நிற்பதைக் கண்டு, தோற்ற அரசன் செய்த பிற தீங்குகள் அனைத்தையும் விட இதுவே தம் நெஞ்சை வருத்துவதாகக் கூறுகிறார். எல்-குர்ரு இடுகாட்டில் இம்மரபு மன்னர்களின் குதிரைகள் அணிகலன்களுடன் நின்ற நிலையிலேயே புதைக்கப்பட்டிருந்ததை இதனோடு சேர்த்துப் பார்க்கும்போது, அச்சொற்கள் வெறும் புகழ்மொழி அல்ல என்பது விளங்குகிறது. அசிரியப் படையெடுப்புகளால் கி.மு. 664 அளவில் தஹார்க்கா மன்னரின் காலம் முடிந்ததும், எகிப்தின் மீதான குஷ் ஆட்சி தளர்ந்து மறைந்ததும் அனைவரும் அறிந்தவையே.

அடுத்து மெரோவே. குஷ் அரசு தெற்கே நகர்ந்து, கி.பி. நான்காம் நூற்றாண்டு வரை அங்கே நிலைத்திருந்தது. செங்குத்தான சிறு பிரமிடுகளும், கந்தாக்கே என்று அழைக்கப்பட்ட அரசியரும், நகரைச் சுற்றிக் குன்றுகளாகக் குவிந்துள்ள இரும்புக் கசடும் மெரோவேயின் அடையாளங்கள். அங்குள்ள உலைகளின் கரித்துண்டுகளை ஆராய்ந்தவர்கள், பல நூற்றாண்டுகளாக இரும்பு உருக்கக் கருவேல மரமே பெரிதும் பயன்பட்டதாகக் கண்டுள்ளனர். பட்டறைத் தொழிலில் வாழ்நாளைக் கழித்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர், கருவேலங்கரி நின்று எரியும் என்பதையும், துருத்திக் காற்று தடைபட்டால் கசடு பிரியாமல் இரும்போடு ஒட்டிக்கொள்ளும் என்பதையும் எடுத்துரைத்தார். நூல்களில் மட்டும் படித்திருந்த எங்களுக்கு மெரோவேயின் கொல்லர்கள் அன்றுதான் உயிருள்ள மனிதர்களானார்கள்.

கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் குஷ் படை உரோமரின் எல்லை நகரான அசுவானைத் தாக்கியது. உரோமர் பதிலுக்கு நப்பட்டா வரை சென்றனர். முடிவில் கிரேக்கத்தின் சாமோஸ் தீவில் உரோமப் பேரரசர் அகஸ்டஸ் குஷ் தூதர்களைச் சந்தித்து, அவர்கள் மீது விதித்திருந்த வரியை நீக்கி உடன்பட்டார். 1910-ல் மெரோவேயில் ஒரு கட்டடத்தின் வாயிற்படிக்கு அடியில் அகஸ்டஸின் வெண்கலத் தலை கிடைத்தது. உள்ளே செல்வோர் ஒவ்வொருவரும் பேரரசரின் தலையை மிதித்துச் செல்லவேண்டும் என்றே அது அங்கே புதைக்கப்பட்டிருக்கிறது. மண்ணுக்குள் இருந்ததனால், கண்ணாடியும் கல்லும் பதித்த அதன் கண்கள் இன்றும் சிதையாமல் உள்ளன.

மெரோவேயின் எழுத்தை 1911 அளவில் கிரிஃபித் என்ற ஆங்கிலேய அறிஞர் ஒலிப்படுத்திவிட்டார். ஆயினும் அம்மொழியின் பெரும்பகுதி இன்னும் விளங்கவில்லை. சிந்துவெளிக் குறிகளுக்கு ஒலியே தெரியாது. இங்கோ வாய்விட்டு வாசிக்க முடிந்தும் பொருள் கைக்கு எட்டவில்லை. குஷ் மக்கள் தம்மைப் பற்றித் தாமே எழுதிவைத்ததை நாம் படித்தறியும் வரை, அவர்களைக் குறித்துக் கிரேக்கரும் உரோமரும் சொன்னவற்றைக் கவனமாகவே கையாள வேண்டும்.

அக்சும் அமர்வுகளுக்கு வருகை மிகுந்திருந்தது. செங்கடலின் அதுலிஸ் துறைமுகம் வழியாக யானைத் தந்தத்தை ஏற்றுமதி செய்து வளர்ந்த இவ்வரசு, கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பொன்னிலும் தன் சொந்தக் காசுகளை அடித்தது. நான்காம் நூற்றாண்டில் எசானா மன்னர் கிறித்தவம் தழுவியபின், காசுகளில் இருந்த பிறையும் வட்டும் நீங்கிச் சிலுவை இடம்பெற்றது. ஒரே கல்லில் செதுக்கிய அக்சுமின் நடுதூண்கள் பல அடுக்கு மாளிகையின் வடிவில் அமைந்தவை. கதவும் சன்னல்களும் உத்திரத்தின் முனைகளும் கல்லிலேயே புடைத்து நிற்கும். அவற்றுள் 24 மீட்டர் உயரமுள்ள ஒன்றை 1937-ல் இத்தாலியர் உரோமுக்கு எடுத்துச் சென்றனர். அது 2005-ல் மூன்று துண்டுகளாகத் திரும்பி வந்து, 2008-ல் மீண்டும் தன் இடத்தில் நாட்டப்பட்டது.

அதுலிஸ் துறைமுகத்தைக் குறிப்பிடும் முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் கையேடு முசிறியையும் குறிப்பிடுகிறது. இந்திய இரும்பும் பருத்தித் துணியும் அக்கடற்கரைக்கு வந்ததையும் பதிவு செய்கிறது. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துப் பொறித்த பானை ஓடும், இந்தியத் தாழியில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகும் கிடைத்திருப்பது இதனோடு இணைத்துப் பார்க்கத்தக்கது. நமக்கும் அக்கண்டத்துக்கும் இருந்த உறவு கடல் வணிகத்தால் உண்டானது. அதற்கு மேல் சான்றின்றி எதையும் ஏற்ற வேண்டியதில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஒரே அமர்வைத்தான் ஒதுக்க முடிந்தது. நைஜீரியாவின் நோக் பகுதியில் வெள்ளீயச் சுரங்கத்தார் தோண்டுகையில் வெளிப்பட்ட சுடுமண் சிற்பங்களில் ஒன்று, வள்ளிக்கிழங்குத் தோட்டத்தில் பறவை விரட்டும் பொம்மையாக நின்றிருந்தது என்பதையும், மாலியின் ஜென்னே-ஜெனோவில் கி.மு. 250 அளவிலேயே நகர வாழ்வு அரும்பியது என்பதையும் தெரிந்துகொண்டோம். அரண்மனையோ அரச நினைவிடமோ வெளிப்படாத அந்நகரம் தனியாகப் பயிலத்தக்கது. எனவே வரும் ஆண்டில் நைஜர் ஆற்றுச் சமவெளி நகரங்களிலிருந்தே தொடங்குமாறு பரிந்துரைக்கிறேன்.

2023 ஏப்ரலில் சூடானில் மூண்ட போரின்போது கார்ட்டூம் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டதற்கு வருத்தம் தெரிவித்தும், களவுபோன பொருட்கள் மீட்கப்பட வேண்டும் என்று கோரியும் செயற்குழு தீர்மானம் இயற்றியுள்ளது. குஷ் மக்களின் மொழியை ஒருநாள் விளங்கவைக்கக்கூடிய கல்வெட்டுகளும் அங்கு இருந்தன என்பதால், இத்தீர்மானத்தைப் பொதுக்குழுவும் ஒருமனதாக வழிமொழிய வேண்டுகிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். அமர்வுகளை நடத்திய ஆசிரியர்களுக்கும், இடமளித்த நூலகத்தாருக்கும், வரைபடங்களைப் பெரிதாக வரைந்து தந்த மாணவ உறுப்பினர்களுக்கும் நன்றி தெரிவித்து, இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்