அந்த ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது?

காரைக்குடி
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

போனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடையைச் சாத்திவிட்டு, கல்யாணப் பத்திரிகை புரூஃபை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

நீ வாங்கப்போகிற சின்ன கம்ப்யூட்டருக்கு மாப்பிள்ளை அனுப்பிய லிங்கைப் பார்த்தேன். உள்ளங்கை அளவு கறுப்பு டப்பா, உள்ளே மூளையாக என்100 என்ற பிராசசர், புத்தம் புதுசு, ஒரு வருஷ வாரண்டி. நீ அனுப்பிய போட்டோவில் இருப்பது ஏதோ ஆபீஸில் ஓடி, லீஸ் முடிந்து வந்த லெனோவோ டைனி என்ற சின்னப் பெட்டி. மூலையில் ஒரு கீறல்கூடத் தெரிகிறது. "பழசைத் தலையில் கட்டுவார்கள்" என்று அவர் சொல்கிறார், "அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று நீ சொல்லியிருக்கிறாய். நல்லா மாட்டிவிட்டாய் என்னை.

அவர் சொல்வதிலும் தப்பில்லை. எனக்கே ஒரு முறை கட்டினார்கள். 2021-இல் கடைக்கு இதே மாதிரி ஒரு சின்ன பெட்டி வாங்கினேன், உனக்கு ஞாபகம் இருக்கும். நம் அஞ்சறைப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். விற்றவர் "ஐ5 மேடம், ஐ5" என்று நாலு தடவை சொன்னார். ஐ5 என்றால் இன்டெல் கம்பெனியின் நல்ல பிராசசர் என்று எனக்கும் தெரியும், வாங்கிவிட்டேன். முன்பக்க ஸ்டிக்கரில் வெறும் ஐ5 என்றுதான் இருந்தது. உள்ளே இருந்தது ஐ5-6500டி. அந்த நம்பரை எப்படிப் படிப்பது என்று அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது தெரியும், உனக்கும் சொல்கிறேன். கோடுக்கு அப்புறம் நாலு இலக்கம் இருந்தால் முதல் இலக்கம், ஐந்து இருந்தால் முதல் இரண்டு இலக்கம்தான் தலைமுறை. 6500 என்றால் ஆறாவது, 8500 என்றால் எட்டாவது, 10400 என்றால் பத்தாவது. கடைசியில் இருக்கிற "டி", மின்சாரம் குறைவாக இழுக்கிற வகை என்பதற்கு அடையாளம். 35 வாட் கணக்கு. இந்தச் சின்னப் பெட்டிகளில் பெரும்பாலும் அதுதான் வரும். ஆறாவது தலைமுறை வந்தது 2015-இல். நான் வாங்கும்போதே அதற்கு ஆறு வயசு.

ஓடவில்லையா என்றால், ஓடியது. இன்னும் நான் பேஜ்மேக்கரில்தானே பத்திரிகை அடிக்கிறேன், அதற்கு அது தாராளம். இடி விழுந்தது 2025 அக்டோபர் 14-இல். அன்றோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்று பார்த்தால், இன்டெலில் பெரும்பாலும் எட்டாவது தலைமுறையிலிருந்துதான் சேர்த்துக்கொள்வார்களாம். "இந்தக் கம்ப்யூட்டர் தகுதி பெறவில்லை" என்று திரையில் வந்தபோது, பரீட்சையில் பெயிலான மாதிரி இருந்தது எனக்கு. 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருஷம் நீட்டித்துக்கொள்ள வழி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை ஓடட்டும். அப்புறம் நெட் கனெக்‌ஷனைப் பிடுங்கிவிட்டு பிரிண்டருக்கு மட்டும் வைத்துக்கொள்வேன். நம் இன்ஸ்டிடியூட் ரெமிங்டன் டைப்ரைட்டருக்கு ரிப்பன் மாற்றினால் போதும், யாரும் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு "இன்றோடு சரி" என்று சொல்லமாட்டார்கள்.

இனி மாப்பிள்ளையின் டப்பாவுக்கு வருகிறேன். இதை அவரிடம் பக்குவமாகச் சொல். அந்த என்100, 2023-இல் வந்த சிப்தான். ஆனால் அது சிக்கனத்துக்காகச் செய்தது. நாலு சின்ன கோர் (வேலை பார்க்கிற மூளைகள்), 6 வாட் கணக்கு, வேலை நடக்கும்போது பயன்படுகிற மெமரியான ராமுக்கு ஒரே ஒரு பாதை. மொத்த வேலைத் திறனைப் பார்த்தால், நான் ஏமாந்து வாங்கினேன் என்று இத்தனை நேரம் புலம்பினேனே, அந்த 2015 ஐ5-ஐப் பெரிதாகத் தாண்டிவிடாது. டப்பா புதுசு, வேகம் பழசு. நீ அனுப்பிய போட்டோவில் இருக்கிறது ஐ5-10400டி என்றால், அது 2020 சரக்கு. ஆறு கோர், ஒரே நேரத்தில் பன்னிரண்டு வேலையை ஓட்டும். நீ கணக்கு எழுதுகிற டேலி சாஃப்ட்வேரைத் திறந்து வைத்துக்கொண்டு, பெரிய எக்செல் ஒன்றும் மீட்டிங் ஒன்றும் ஓட, குரோமில் இருபது டேப் போடுகிறவள். எனக்குத் தெரியாதா. உனக்கு அந்தப் பழசுதான் சரி.

பேரன் பாடத்துக்கும் யூடியூபுக்கும் மட்டும் என்றால் அவர் சொல்வதையே வாங்கலாம். யூடியூபில் இப்போது ஏவி1 என்று ஒரு வீடியோ வகை நிறைய வருகிறது. அதை அந்த என்100 அலட்டாமல் காட்டும், பத்தாவது தலைமுறைக்காரன் கொஞ்சம் மூச்சு வாங்கித்தான் காட்டுவான். புதுசில் கரண்ட் பில் குறையும் என்று அவர் சொன்னதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டுக்கும் பத்து வாட் வித்தியாசம் என்றே வைத்துக்கொள், தினம் பத்து மணி நேரம் ஓடினாலும் மாதத்துக்கு மூன்று யூனிட்தான்.

ஆப்பிளின் சின்னப் பெட்டியான மேக் மினி பற்றிக் கேட்டிருந்தாய். 2024-இல் வந்த எம்4 மாடல் அழகுதான், 12.7 சென்டிமீட்டர் சதுரம், 16 ஜிபி ராமோடு 59,900 ரூபாய்க்கு இறக்கினார்கள். ஆனால் உன் பிழைப்பு டேலியில் ஓடுகிறது, டேலி விண்டோஸுக்கு எழுதியது. அப்புறம் அதில் ராமைப் பிற்பாடு கூட்டவே முடியாது. 2018 இன்டெல் மேக் மினி மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதே. 2025-இல் வந்த டஹோ என்ற புது மேக் சாஃப்ட்வேரில் அதைக் கழற்றிவிட்டுவிட்டார்கள்.

டைனியில் எனக்குப் பிடித்ததே அதைத் திறக்கலாம் என்பதுதான். போன மாதம் என் பெட்டி பம்பரம் மாதிரி இரைந்தது. பின்னால் ஒரே ஒரு ஸ்க்ரூ. கழற்றி, மேல்மூடியை முன்னால் தள்ளினால் கையோடு வந்துவிட்டது. ஃபேன் இறக்கைகளில் பேப்பர் தூசியும் டோனர் பொடியும் சேர்ந்து கம்பளி மாதிரி அப்பியிருந்தது. பழைய பல் பிரஷால் தட்டினேன். சூட்டை இழுக்கிற ஹீட்சிங்கைத் தூக்கினால் பிராசசர் மேல் தடவியிருந்த பேஸ்ட், கோயிலில் வாங்கி மறந்துபோன சந்தனம் மாதிரி காய்ந்து உதிர்ந்தது. துடைத்துப் புதுசு தடவினேன். சத்தம் போயேபோச்சு. அப்பா பக்கத்தில் டார்ச் அடித்துக்கொண்டு "ஷாக் அடிக்கும், விடு, விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற செனாய் டிரேட் சென்டருக்குத்தானே போகப்போகிறாய்? சிகந்திராபாத் வெயிலில் குடை எடுத்துக்கொண்டு போ. கடையில் பெட்டியை ஆன் பண்ணச் சொல்லி, உடனே எஃப்1 தட்டு, பெட்டியின் செட்டிங்ஸ் திரை வரும். பாஸ்வேர்டு கேட்டால் வைத்துவிட்டு வா. பழைய கம்பெனி பூட்டிய பூட்டு அது, "அப்புறம் எடுத்துத் தருகிறேன்" என்பான், நம்பாதே. உள்ளே பிராசசர் நம்பர் முழுசாகத் தெரியும், தேதியும் தெரியும். தேதி பல வருஷம் பின்னால் கிடந்தால் உள்ளே இருக்கிற காசு பேட்டரி போய்விட்டது என்று அர்த்தம். அது சின்னச் செலவு, பேரம் பேச உதவும். வைஃபை இருக்கிறதா என்று கேள். ஆபீஸில் ஒயரில் ஓடியதால் பல பெட்டிகளில் அந்தக் கார்டே இருக்காது. அடாப்டர் அந்தக் கம்பெனியுடையதுதானா என்று பார். கண்ட அடாப்டரைச் சொருகினால் சில மாடல்கள் முனகிக்கொண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஃபைல்கள் தங்குகிற எஸ்.எஸ்.டி. மட்டும் புதுசாக வாங்கிப் போட்டுக்கொள், அதில் கஞ்சம் பிடிக்காதே. ஊரார் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கப்போகிறது. ராம் 16 ஜிபி அவர்களே போட்டுக் கொடுத்தால் அதை விடாதே. ஏ.ஐ. சர்வர்களுக்கே மெமரி எல்லாம் போவதால் தனியாக வாங்கப் போனால் விலை எகிறிக் கிடக்கிறது. எட்டாவதுக்கும் பத்தாவதுக்கும் இரண்டாயிரம் மூவாயிரம் வித்தியாசம் சொன்னால் பத்தாவதையே எடு. எட்டாவது இப்போது வாசற்படியில் நிற்கிறது, அடுத்த விண்டோஸ் வரும்போது எந்தப் பக்கம் தள்ளுவார்களோ.

பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்தத் திரையை அப்படியே போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ, பேரம் பேசுவதில் அவர் கெட்டிக்காரர்.

அடுத்த வாரம் அப்பா வரும்போது முறுக்கும், என்னுடைய பழைய தமிழ்99 கீபோர்டும் கொடுத்து விடுகிறேன். ஸ்பேஸ் பாரில் வலது பக்கம் கொஞ்சம் அழுத்தி அடிக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா