ட்ராஃப்ட் ஆனா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால் பத்தி உங்க விளையாட்டுப் பக்கத்துல வந்த கட்டுரையைப் படிச்சேன். எந்தக் காலேஜ்ல இருந்து எத்தனை பேர் என்பிஏ ட்ராஃப்ட்ல (அமெரிக்காவோட பெரிய பாஸ்கெட்பால் லீக் டீம்கள் வருஷா வருஷம் புது ஆட்டக்காரங்களை வரிசையா தேர்ந்தெடுக்கறது) போனாங்கன்னு எண்ணி, வீரர்களை உருவாக்கறதுல கென்டக்கியும் டியூக்கும்தான் டாப்னு போட்டிருந்தீங்க. எண்ணிக்கையில தப்பு இல்ல, ஆனா "உருவாக்கறது"ங்கற வார்த்தையத்தான் என்னால ஏத்துக்க முடியல.

ட்ராஃப்ட்ல போகணும்னா 19 வயசு ஆகணும், ஸ்கூல் முடிச்சு ஒரு வருஷம் கழியணும்னு 2006 ட்ராஃப்ட்ல இருந்து ரூல் இருக்கு. அந்த ஒரு வருஷத்தை ஓட்டறதுக்கு வந்த பசங்கள்ல ரொம்பத் திறமையானவங்கள கலிபாரி கோச்சா இருந்தப்ப கென்டக்கி அள்ளுச்சு, 2012ல சாம்பியன் ஆன டீம்ல இருந்து மட்டும் ஆறு பேர் ட்ராஃப்ட் ஆனாங்க, முதல் ரெண்டு இடமும் அவங்களுக்குத்தான். கைரி இர்விங் கால் விரல்ல அடிபட்டு டியூக்குக்கு ஆடினது மொத்தமே 11 மேட்ச், 2011ல முதல் ஆளா எடுத்தாங்க. அவரை டியூக் உருவாக்குச்சுன்னு எப்படிங்க சொல்றது?

எனக்கு வில்லனோவாதான் உதாரணம். ஜே ரைட் கோச்சா இருந்தப்ப 2016லயும் 2018லயும் காலேஜ் சாம்பியன்ஷிப் ஜெயிச்சாங்க. மிகல் பிரிட்ஜஸ் முதல் வருஷம் ஒரு மேட்ச்கூட ஆடாம பிராக்டீஸ் மட்டும் பண்ணிட்டு, அப்புறம் மூணு சீசன் ஆடி 10வது ஆளா போனார். ஜேலன் பிரன்சனும் மூணு வருஷம் இருந்தார், ஆனாலும் ரெண்டாவது ரவுண்ட்ல 33வதுதான். அவர் ஆடறத கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க, பந்தோட கூடை பக்கத்துல போவார், சடார்னு ரெண்டு காலும் சேர்த்து நிப்பார், தூக்கற மாதிரி ஒரு ஆட்டு ஆட்டுவார், தடுக்கறவன் எகிறினதும் திரும்பி நிதானமா போடுவார், இதுல உயரமும் இல்ல வேகமும் இல்ல, அந்த ரெண்டு கால் ஸ்டாப் வில்லனோவால எல்லாருக்கும் விடாம சொல்லிக் குடுத்த பாடம். அவரும் பிரிட்ஜஸும், அதே வில்லனோவால ஆடின ஜோஷ் ஹார்ட்டும் சேர்ந்து ஆடின என்பிஏ டீம் நியூயார்க் நிக்ஸ், 2025ல ஈஸ்ட் கான்ஃபரன்ஸ் (லீக்கோட கிழக்குப் பிரிவு) ஃபைனல் வரைக்கும் போச்சு, 2000க்கு அப்புறம் முதல் தடவை. காலைல அஞ்சரைக்கு எழுந்து அந்த மேட்ச் எல்லாம் பார்த்தேன், தூக்கம் போனதுல வருத்தமே இல்ல.

கென்டக்கி ஒண்ணுமே செய்யலன்னு நான் சொல்ல வரல. பின்னாடி என்பிஏல ஸ்டார் ஆன டெவின் புக்கர் 2014-15ல அங்க ஆடின 38 மேட்ச்லயும் பெஞ்ச்ல இருந்துதான் இறங்கினார், ஆனா அந்த டீம்ல இருந்தும் ஆறு பேர் ட்ராஃப்ட் ஆனாங்க, தினம் பிராக்டீஸ்ல அந்த மாதிரி ஆளுங்களோட மோதறதே பெரிய படிப்புதான். 2025ல எம்விபி (என்பிஏ சீசனோட சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கின ஷாய் கில்ஜியஸ் அலெக்ஸாண்டரும் அங்க சீசனை பெஞ்ச்ல ஆரம்பிச்சவர்தான். இந்த ரெண்டு பேரும் கென்டக்கிக்கு நிஜமாவே பெருமை. ஆனா வரும்போதே நம்பர் ஒன்னா வந்து நம்பர் ஒன்னாவே போனவங்களையும் இவங்களையும் ஒரே எண்ணிக்கையில போட்டா காலேஜ் என்ன செஞ்சதுன்னே தெரியாது.

அதனால ஒரு வேண்டுகோள். அடுத்த ட்ராஃப்ட் லிஸ்ட் போடும்போது, ஒவ்வொருத்தர் பேருக்குப் பக்கத்துலயும் அந்தக் காலேஜ்ல எத்தனை வருஷம் ஆடினார்னு ஒரு கட்டம் சேர்த்துப் போடுங்க. அஞ்சு வருஷம் முன்னாடி போனவங்கள்ல இன்னும் லீக்ல யார் யார் இருக்காங்கன்னும் போட முடிஞ்சா ரொம்ப நன்றி.

இப்படிக்கு,
உங்க வாசகர், திருச்சி