விரலை எடுத்தால் நிற்கும் பம்ப்

சுங்கை சிப்புட்

அன்புள்ள கூட்டாளி,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே ஒரே மழை. பால்மரக் காடெல்லாம் செம்பனையாகிவிட்டது. நம் லயத்து வாசலில் இருந்த மாமரம் மட்டும் இன்னும் நிற்கிறது.

மாணவர்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். வாரத்தில் மூன்று நாள் வயரிங் வகுப்புக்குப் போகிறேன். பதினொரு பிள்ளைகள், நல்ல கை வேகம். அந்த வேகம்தான் என் கவலை. பழுது என்றதும் திருப்புளியைத் தேடுகிறார்கள்.

சென்ற வாரம் ஒரு தோட்டத்துத் தண்ணீர் பம்ப். ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஓடுகிறது, விரலை எடுத்தால் நின்றுவிடுகிறது. ஒரு பையன், மோட்டாருக்கு மின்சாரம் விடும் காந்த சுவிட்சான கான்டாக்டரையே மாற்றிவிட்டான். புதியதிலும் அதே கதை. அவனை உட்காரவைத்து, "விரல் இருக்கும்வரை ஓடுகிறதே, அதற்கு என்ன பொருள்?" என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துத்தான் சொன்னான். மோட்டார் உறுமாமல் சுழல்கிறது, ஆகவே மூன்று பேஸ் வயரிலும் மின்சாரம் வருகிறது. கான்டாக்டரை மூடும் காந்தக் காயில் இழுக்கிறது. ஸ்டாப் பொத்தானும், ஆம்பியர் மிஞ்சினால் விழுந்து மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் தொடர்பும் மூடியிருக்கின்றன. இத்தனையும் நலம் என்று பம்பே சொல்லிவிட்டது! மிச்சம், விரலை எடுத்த பிறகும் காயிலுக்கு மின்சாரம் தர ஸ்டார்ட் பொத்தானுக்கு இணையாகப் போகும் பிடிப்பு வழி ஒன்றுதான்: கான்டாக்டரோடு சேர்ந்து மூடும் 13, 14 என்ற துணைத் தொடர்பும் அதன் இரண்டு வயர்களும்.

மெயினை அணைத்துப் பூட்டி, சாவியை அவன் சட்டைப்பையில் போட்டோம். மீட்டரை மின்சாரம் இருக்கும் ஓர் இடத்தில் சோதித்து, பிறகு பெட்டிக்குள் வைத்துப் பார்த்து, மறுபடியும் முதல் இடத்தில் சோதித்தோம். இந்த ஒன்றில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. கான்டாக்டரைக் கையால் அழுத்தி 13, 14 இடையே அளந்தான். ஏறக்குறைய 0 ஓம். 14இலிருந்து பொத்தானுக்குப் போகும் வயரை ஒரு முனை கழற்றி அளந்தபோது தொடர்பே இல்லை. பொத்தான் இருப்பது பெட்டிக் கதவில். திறந்து மூடித் திறந்து மூடி, கீலருகே உள்ளே செம்பு அறுந்திருந்தது. மேல்தோல் முழுசாக இருந்ததால் கண்ணுக்குப் படவில்லை. அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

இன்னொருவன் ஓவர்லோட் விழுந்தால் உடனே ரீசெட் அழுத்துகிறான். ஒரு பேஸ் போனால் மற்ற இரண்டிலும் ஆம்பியர் ஏறி மோட்டாரின் சுருள் கருகிவிடும். வயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரைக் கையில் எடுக்காமல் அந்தப் பொத்தானைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

உன்னிடம் ஓர் உதவி. நீ வேலை பார்த்த ஆலையில் பெரிய மோட்டாரை ஓடவைக்கும் ஸ்டார் டெல்டா ஸ்டார்டர் ஏதும் கழித்துப்போட்டது இருந்தால் கேட்டு வாங்கி, தைப்பூசத்துக்கு வரும்போது கொண்டு வா. டைமர் கெட்டிருந்தால் சரிசெய்துவிடாதே. பிள்ளைகளுக்கு அப்படியே வேண்டும்.

அன்புடன்,
உன் கூட்டாளி