ஆண்டறிக்கை: பவுசர் கவிழ்ந்த வருஷம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் லாரி ஓட்டுகிறவர்களும் பொக்லைன் இயக்குகிறவர்களும் வெடிக்குழி போடுகிறவர்களும் சேர்ந்த நம் சங்கத்தில், மே தினக் கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் எல்லாம் வழக்கம்போல நடந்தன. விவரம் நோட்டீஸ் பலகையில் இருக்கிறது. ஐப்பசி மழையில் டீசல் பவுசர், அதாவது சுரங்க வண்டிகளுக்கு டீசல் கொண்டுவரும் டேங்கர் லாரி, கவிழ்ந்ததைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அன்று தப்புச் செய்தவர்களில் நாமும் உண்டு.

குவாரிக்குள் இறங்கும் பாதையின் இரண்டாவது வளைவில் வண்டி சாய்ந்தது. ஓட்டுநருக்குச் சிராய்ப்பு மட்டும்தான். வால்வு உடைந்து டீசல் கொட்டியது. ஊரிலிருந்து ஓடிவந்தவர்கள் கையில் குடமும் கேனும். நம் ஆட்களோ புழுதிக்குத் தண்ணீர் அடிக்கிற லாரியைக் கொண்டுவந்து பாதையைக் கழுவிவிட்டார்கள். அந்த லாரியைக் கைகாட்டி அழைத்தவன் நான்தான். தண்ணீரோடு டீசலும் வடிகாலில் இறங்கி ஓடைக்குப் போய்விட்டது. சும்மா ஒரு மண் அணை போட்டிருந்தால் பெரும்பகுதி அந்த வளைவிலேயே நின்றிருக்கும். உறிஞ்சும் பஞ்சு வைத்த பெட்டி ஸ்டோர் அறையில் இருந்தது. சாவி வைத்திருந்தவர் அன்று லீவு.

ஏரிக்குப் போகாமல் தடுத்தது நம் மூத்த உறுப்பினர் ஒருவரின் யோசனை. ஓடையின் குறுக்கே மண்ணைக் கொட்டி, அதில் ஒரு பைப்பைச் சாய்வாகப் பதிக்கச் சொன்னார். பைப்பின் உள்வாய் தண்ணீருக்கு அடியில், வெளிமுனை சற்று உயரத்தில். டீசல் மேலே மிதந்து அணையில் நிற்க, அடித் தண்ணீர் மட்டும் வெளியேறியது. மேலே நின்றதை வைக்கோல் திணித்த சாக்குகளால் ஒற்றி எடுத்தோம். கறைபட்ட மண்ணைப் பழைய மண்மேட்டில் கொட்டிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளைக் காட்டிச் சங்கம் மறுத்தது. மண் தார்ப்பாய்க்குள் காத்திருந்து, கடைசியில் கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவுக் கிடங்குக்குப் போனது.

அப்புறம் தீயணைப்புத் துறையினர் வந்து அரை நாள் வகுப்பு எடுத்தார்கள். டேங்கர் பலகையில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில் நின்று, தூரத்திலிருந்தே படித்து 112க்குச் சொல்ல வேண்டும். 1202 டீசல், 1203 பெட்ரோல், 1830 கந்தக அமிலம். டீசலுக்கு மரத்தூள் போடுகிறோமே, எல்லாவற்றுக்கும் அதுவே ஆகுமா என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அம்மோனியம் நைட்ரேட் சிந்தினால் மரத்தூள் கூடவே கூடாது, தீயை வளர்க்கும். அதோடு டீசல் சேரவும் விடக்கூடாது. நாம் குழியில் போடும் வெடிமருந்தே 94 பங்கு நைட்ரேட்டும் 6 பங்கு டீசலும்தானே. பேட்டரி அமிலத்துக்கு நம் ஊர்ச் சுண்ணாம்புக்கல் தூளே போதும். நுரைக்கும், அதனால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும்.

குடத்தில் டீசல் பிடித்தவர்களைத் திட்டுவது சுலபம். 2000 ஜூன் மாதம் பெரு நாட்டின் யனகோச்சா தங்கச் சுரங்கத்திலிருந்து கிளம்பிய லாரி, சோரோபம்பா ஊர் வழியாக 151 கிலோ பாதரசத்தைச் சுமார் 40 கிலோமீட்டர் தூரத்துக்குச் சிந்திக்கொண்டே போனது. பளபளப்பைப் பார்த்த ஜனங்கள் வெறுங்கையால் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நூற்றுக்கணக்கானோர் நோயில் விழுந்தார்கள். என்ன பொருள் என்று அவர்களிடம் உடனே யாரும் சொல்லவில்லை. அன்று நம் வளைவில் நாமும் சொல்லவில்லை. அதனால் இனி ஷிஃப்டுக்கு இரண்டு பேர் ஊர்க்காரர்களைத் தள்ளி நிறுத்தி விஷயத்தைச் சொல்வதற்கு மட்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. பீடியை அணைக்கச் சொல்வதும் அவர்கள் பொறுப்பு.

ஓடையோரம் மாடு மேய்ப்பவர்களின் இழப்பீட்டு மனு இன்னும் நிலுவையில் உள்ளது. பெட்டிச் சாவி இப்போது எடைமேடை அறையில், கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிறது.

கடைசியாக ஒன்று. வளைவில் அடுக்கிவைத்த மணல் மூட்டைகளில் பாதியைக் காணோம். யார் வீட்டுப் பூச்சு வேலைக்குப் போயின என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை, மழைக்கு முன்னால் திரும்பி வந்தால் சரி. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்