தலைவர் இல்லாத ஊராட்சி

ஐயா,

எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை என்றால் முன்பு தலைவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவோம். 2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் தேர்தல் நடத்தாமல், பொறுப்பு அரசு நியமித்த தனி அலுவலரிடம் போனது. அவரைக் குறை சொல்லவில்லை, பாவம், அவருக்கு எத்தனை ஊர்! ஆனால் ஓட்டுக் கேட்டு வராதவரிடம் உரிமையோடு சண்டை போட முடியுமா?

ஐந்தாண்டு முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243-E பிரிவு. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபோதும் இதே கதைதான்; தேர்தல் இல்லாமலே மூன்று வருடம் ஓடியது. அப்போது அதிமுக ஆட்சி, 2025இல் திமுக ஆட்சி. டெல்லி மாநில உரிமையைப் பறிக்கிறது என்று இரு கட்சிகளும் பேசுவது சரிதான். அப்புறம் ஊராட்சியின் உரிமை?

இப்படிக்கு,
ஒரு கிராமத்து வாசகர்