காணி உறுதி பற்றிச் செல்வத்துக்கு எழுதியது

அட்டன், இலங்கை

அன்புள்ள செல்வம்,

இங்கு அனைவரும் நலம். குளிர் தொடங்கியதும் கமலாவுக்கு முட்டுவலி கூடிவிட்டது, வேறு குறையில்லை. உன் கடிதத்துக்கு இன்றே பதில் எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் மருதையின் மகன். கட்டாரில் உழைத்துத் திரும்பிய அந்தப் பிள்ளை, தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் மரக்கறி பயிரிட ஒரு பசுமைக்குடில் அமைப்பதற்காக வங்கியில் கடன் கேட்டான். காணி உறுதியை, அதாவது நிலப் பத்திரத்தை, கொண்டுவரச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாக அதே லயத்தில் பிறந்து இறந்த குடும்பத்திடம் அப்படி ஒரு காகிதம் ஏது? வெறுங்கையோடு திரும்பிவந்து திண்ணையில் உட்கார்ந்தவனிடம் எனக்குப் பேச்சே வரவில்லை.

நீயோ, வெள்ளைக்காரன் ரோட்டையும் ரயிலையும் போட்டிராவிட்டால் மலைநாடு காடாகவே கிடந்திருக்கும் என்று எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூட விவாதத்தில் இதையே சொல்லி இரத்தினம் மாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நீ. அவர் இல்லாத குறையை இப்போது நான் தீர்க்கிறேன்.

ரோட்டையே எடுத்துக்கொள். கண்டிச் சீமை 1815 இல் வீழ்ந்தபின் ஆளுநர் பார்ன்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி போட்டது கூலி கொடுத்தல்ல. நிலத்தை அனுபவிப்பவன் அரசனுக்கு ஊழியம் செய்ய வேண்டும் என்ற பழைய இராஜகாரிய முறையைக் கொண்டே. 1833 இல் அந்த முறை ஒழிக்கப்படும்வரை, அரசன் விட்டுச்சென்ற கட்டாய உழைப்பு வெள்ளையனுக்கும் பயன்பட்டது. 1867 இல் கண்டிக்கு வந்த ரயில், பதுளையை எட்டியது 1924 இல். அது எந்த மேட்டில் ஏறி எங்கே நின்றது என்று பார்த்தாலே, முதலில் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்குத்தான் வந்தது என்பது விளங்கும்.

ஆனால் என்னை உறுத்துவது ரோடும் ரயிலும் அல்ல, அந்தக் காகிதம்தான். கரையோர மாகாணங்களில் ஒல்லாந்தர் காணிகளைத் தோம்பு என்ற பதிவேட்டில் பதிந்து வைத்தார்கள். கண்டியில் தோம்பு இல்லை. வயலுக்கு ஊழியக் கணக்கு இருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டி எரித்து விதைக்கும் சேனைக்கும் அதைச் சூழ்ந்த காட்டுக்கும் ஊர் வழக்கமே சாட்சி. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் இந்த இடைவெளியைச் சரியாகக் குறிபார்த்தது. தோம்பு இல்லாத கண்டி மாகாணங்களில், அரசன் கொடுத்த கொடைப் பத்திரமான சன்னதோ வழக்கமான வரியோ ஊழியமோ செலுத்தியதற்கான சான்றோ காட்டாதவனின் சேனை முடிக்கு, அதாவது வெள்ளை அரசாங்கத்துக்கு, உரியது என்று அது சொன்னது. ஏக்கர் ஐந்து சிலிங்குக்குக் காடு விலைபோனது. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தரும் இருந்தார்கள். அரசனுக்கு நிலத்தின்மேல் இருந்த மேலுரிமை முடியின் முழுவுடைமையாக மாறியது. அதற்கு ஈடாக அரசன் காத்துவந்த ஊர் வழக்கம் மட்டும் கழன்று விழுந்தது.

சிங்களக் கிராமத்தவன் சோம்பலால் தோட்டக் கூலிக்கு வரவில்லை என்ற பேச்சை நீயும் கேட்டிருப்பாய். அது பொய். அவர்கள் காடு வெட்டினார்கள். தங்கள் வீட்டுத் தோட்டங்களில் கோப்பி நட்டு விற்றார்கள். சொந்த வயல் இருந்தவனுக்குத் துரையின் லயத்தில் அடைபட்டுக் கிடக்கத் தேவை இருக்கவில்லை. தேவை இருந்தது நம் முன்னோருக்கு. திருச்சியிலும் மதுரையிலும் புதுக்கோட்டையிலும் பரம்பரையாக நிலம் மறுக்கப்பட்ட சாதிகளில் பிறந்து, பண்ணையில் கடன்பட்டுக் கிடந்த பலரைத்தான், தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி முன்பணம் காட்டி அழைத்துவந்தான். அங்கே சாதி செய்து வைத்ததும் இங்கே சட்டம் செய்து வைத்ததும் ஒன்றையொன்று கண்டுகொண்டன, செல்வம். கோப்பிக் காலத்தில் அறுவடை முடிந்து ஊர் திரும்ப முடிந்தது. 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்து, ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலை வந்தபிறகு லயமே ஊராயிற்று. கடன் தீர்ந்ததாகத் துண்டுச் சீட்டு இல்லாமல் தோட்டம் மாற முடியாத துண்டு முறை 1921 இல் ஒழிந்தது. ஆனால் குடியிருந்த நிலம் நமதாகவில்லை.

வெள்ளையன் போனபிறகாவது திருந்தியதா? 1948 இல் நம்மவரின் குடியுரிமை பறிபோனது. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளுக்குக் குத்தகையாகப் போனது. முடியிடமிருந்து வாங்கிய நிலம் சுற்றிச் சுற்றி அரசிடமே வந்து நிற்கிறது. நடுவில் அதில் உழைத்தவனின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவேயில்லை. 1977 இல் டெவன் தோட்டத்தில் தொழிலாளி சிவனு லட்சுமணன் காணிக்காகச் சுடப்பட்டு இறந்த செய்தி வந்த அன்று வகுப்பில் எவரும் வாய் திறக்கவில்லை, உனக்கு நினைவிருக்கும். அயலிலுள்ள சிங்களக் கிராமங்களும் இதனால் செழிக்கவில்லை. மேய்ச்சலும் சேனையும் போனபின் பெருகிய பிள்ளைகளுக்குப் பங்கிட வயல் போதாமல் அவர்களும் வறுமையில் இருந்ததைத்தான் 1951 ஆம் ஆண்டுக் கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு பதிவுசெய்தது. ஒரே சட்டத்தால் நிலமிழந்தவர்களும் நிலமில்லாமலே கொண்டுவரப்பட்டவர்களும் ஒருவரையொருவர் கள்வராகப் பார்த்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத துயரம்.

கடல் கடந்து போன நீயும் தப்பவில்லையே! நிலம்பூர் அரச குடும்பமான கோவிலகத்தின் பரம்பரை நிலவுடைமையான ஜன்மி உரிமையும், அதன்மேல் கம்பனிகள் எடுத்த குத்தகையும், அந்த ஜன்மி உரிமையை ஒழிக்கவென்று 1969 இல் வந்த சட்டமும் சேர்ந்து, நீலகிரிக் கூடலூரில் நம்மவர் எத்தனையோ பேரைப் பட்டா இல்லாமல் நிறுத்தியிருப்பதை நீதானே முன்பு பக்கம் பக்கமாக எழுதினாய். அப்படியிருக்க ரயிலைப் புகழ உனக்கு எப்படி மனம் வந்தது?

உன் வீட்டுப் பட்டா மனுவுடன் எந்தெந்தப் பத்திரங்களை இணைத்தீர்கள், பழைய ரேஷன் அட்டையையும் வரி ரசீதையும் குடியிருப்புச் சான்றாக ஏற்றார்களா என்று விவரமாக எழுது. மருதையின் மகன் அடுத்த வாரம் பிரதேச செயலகத்துக்கு மனு எழுதப்போகிறான். நான் உடன் போகிறேன். சரோஜாவுக்கு எங்கள் அன்பைச் சொல்.

என்றும் உன்,
தங்கராசு