உதயகிரியில் ஒரு நட்பின் சின்னம்

ஆசிரியருக்கு வணக்கம்.

குமரி மாவட்டச் சுற்றுலாத் தலங்களை மேம்படுத்துவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியில், புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை வெறும் பூங்காவாகவே குறிப்பிடப்பட்டிருந்தது. 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் சிறைப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி டிலனாய், பின்னர் அதே மன்னரின் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சியளித்து, 'வலிய கப்பித்தான்' (பெரிய தளபதி) எனப் பெயர் பெற்று, 1777-இல் மறைந்தபின் அடக்கம் செய்யப்பட்ட இடம் அது. பகைவராக வந்தவரை நம்பிப் படையையே ஒப்படைத்த வரலாறு, இரு நாட்டார் நட்புக்கு அரிய சான்று. அதைச் சொல்லாமல் செய்யும் எந்த மேம்பாடும் அரைகுறையானதே.

அண்மையில் வெளியூர் உறவினர்களுடன் சென்றிருந்தபோது, கூரையிழந்த தேவாலயச் சுவர்களுக்குள் உள்ள அவரது கல்லறைக் கல்லில் லத்தீனுடன் தமிழும் பொறிக்கப்பட்டிருப்பதை அவர்கள் வியந்து பார்த்தார்கள். பூங்காவுக்கு வந்திருந்த கூட்டமோ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. (குழந்தைகளைக் குறைசொல்ல இயலாது, மான்களோடு கல்லறை போட்டியிட முடியுமா?) பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டுக் கன்னியாகுமரி செல்லும் சுற்றுலாப் பேருந்துகள் இவ்வழியே போவதால், அரண்மனை வாயிலிலேயே கோட்டைக்கு வழிகாட்டும் பலகை வைத்து, விடுமுறை நாள்களிலாவது கல்லறையருகே விவரம் சொல்ல ஒருவரை அமர்த்தத் துறையினர் முன்வர வேண்டும்.

– வாசகர், தக்கலை